கீலேயாத் பள்ளியின் விருப்பப் படிவங்கள்

வெக்ஸ்கம் கவுண்டியில் கறுப்பர்களான நம்மவர்கள் வீட்டில் எந்தக் காகிதத்தை எடுத்தாலும் அதில் லியோட்டா ஃபால்கனின் கையெழுத்து இருக்கும். ஞானஸ்நானச் சீட்டு, பட்டாளத்தில் இருக்கும் மகனுக்குக் கடிதம், கடலை ஆலைக்கு வேலை கேட்டு விண்ணப்பம், செத்தவரைப் பற்றிச் சர்ச்சில் வாசிக்கும் நாலு நல்ல வார்த்தை எல்லாம் அவள் எழுதியதுதான். செத்தவர் எப்படிப்பட்டவர் என்று ஊருக்கே தெரிந்திருந்தாலும், லியோட்டா எழுதி வாசித்தால் கொஞ்சம் நல்லவராகத்தான் தெரிவார்.

கீலேயாத் பள்ளியில் அவள் ஏழாம் வகுப்பு டீச்சர். புருஷன் கப்பல் தளத்தில் விபத்தில் போய்ச் சேர்ந்தபோது அவளுக்கு முப்பத்தொன்று. பிள்ளை இல்லை. அதன்பிறகு பள்ளிதான் அவளுக்குக் குடும்பம் என்று ஊர் சொல்லும். குடும்பம் இவ்வளவு வேலை வாங்காது என்று அவள் சொல்வாள். ஆனால் கோடை விடுமுறையிலும் வாரம் இரண்டு நாள் போய் வகுப்பைத் திறந்து, ஜன்னலைத் துடைத்துவிட்டு வருவது அவள்தான்.

அந்தப் பள்ளியில் ஒரு பழக்கம் இருந்தது. பள்ளியிலிருந்து எந்தப் படிவம் வந்தாலும் பெற்றோர் அடியில் கையொப்பம் மட்டும் போட்டு, மற்றதை வெறுமையாக விட்டு, பிள்ளை கையில் திருப்பிக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். மேலே உள்ளதை, எந்த வகுப்புப் பிள்ளையானாலும், லியோட்டா நிரப்பிக்கொள்வாள். படிக்கத் தெரியாதவர்கள் ஆரம்பித்து வைத்தது. படித்தவர்களும் அதையே பிடித்துக்கொண்டார்கள். சோம்பேறித்தனம் என்று யாரும் நினைக்க வேண்டாம், அது ஒரு மரியாதை. வீட்டுக்கு வந்து ஒவ்வொன்றாகக் கேட்டு நிரப்பினால், எங்களைத் தெரியாதவள் மாதிரி கேட்கிறாயே என்று கோபித்துக்கொள்வார்கள்.

அறுபத்தாறாம் வருடம் வசந்தத்தில் புதிதாக ஒரு படிவம் வந்தது. வெள்ளைக்காரப் பிள்ளைகளையும் நம் பிள்ளைகளையும் பிரித்து வைத்தால் பணம் தரமாட்டோம் என்று வாஷிங்டன் மிரட்ட, கவுண்டிக்காரர்கள் கண்டுபிடித்த தந்திரம் அது. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு தாள், தாளில் இரண்டு கட்டம். ஒன்று கீலேயாத், இன்னொன்று வெள்ளைக்காரர்கள் படிக்கும் கவுண்டிப் பள்ளி. பெற்றோர் விருப்பப்பட்ட கட்டத்தில் குறி போடலாம். கீலேயாத்துக்குக் குறி போடும் வெள்ளைக்காரன் இன்னும் பிறக்கவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். நாங்கள் கதவைத் திறந்துதான் வைத்திருக்கிறோம், கறுப்பர்கள் வராதது அவர்கள் விருப்பம் என்று கவுண்டிக்காரர்கள் சொல்லிக்கொள்ள வசதியாக இருந்தது.

கீலேயாத்தின் தலைமை ஆசிரியர் செஃபஸ் ரஃபின். சனிக்கிழமை தோறும் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு, கல்விக் குழுத் தலைவர் லாண்டன் பீலின் கடலைக் கிடங்குக்குப் பின்வாசல் வழியாகப் போவார். நம் ஆட்களில் ஒருவரை 'மிஸ்டர்' என்று அழைக்க பீலுக்கு வாய் வராது. பெயர் சொல்லிக் கூப்பிடவும் ரஃபினின் படிப்பு இடம் கொடுக்காது. அதனால் 'ப்ரொஃபஸர்' என்பார். அப்படி அழைத்துவிட்டு 'நீ, உனக்கு' என்று பேசுவார். கவுண்டித் தேர்தலில் நம் ஓட்டு அறுநூறு சொச்சம் ரஃபின் கண்ணைக் காட்டும் பக்கம் விழும். அதற்குப் பதிலாகப் பள்ளிக்குக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாமான் வரும். வெள்ளைக்காரப் பள்ளி ஓட்டி அலுத்த இரண்டு பஸ், உள்ளேயே கழிப்பறை, நாலைந்து எழுத்து உடைந்த தட்டச்சு இயந்திரங்கள். ரஃபினைக் குனிந்து போகிறவர் என்று இளவட்டங்கள் கேலி செய்தார்கள். ஆனால் கேலி செய்தவர்கள் எல்லோரும் அந்தக் கழிப்பறைக்குத்தான் போனார்கள்.

படிவங்கள் வந்த வாரம் ரஃபின் லியோட்டாவை அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"பீல் கணக்குச் சொல்லிட்டாரு, மிஸ் ஃபால்கன். நம்ம பிள்ளைங்க பதினொண்ணு அங்க போகலாமாம். அதுவும் பொண்ணுங்களா இருந்தா நல்லதாம். அதுக்கு மேல ஒண்ணு போனாலும் வெள்ளைக்காரங்க பிள்ளைங்கள எடுத்துட்டுத் தனியா ஸ்கூல் ஆரம்பிச்சுருவாங்க. அப்புறம் வரி குடுக்க மாட்டாங்க. மொத வேலையா நமக்குத்தான் பூட்டு."

பதினொன்றுக்குள் நின்றால் செங்கல்லில் ஒரு சாப்பாட்டுக் கூடம் கட்டித் தருவதாகப் பேச்சு. அப்போது நம் பிள்ளைகள் வகுப்பிலேயே மடியில் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பெற்றவர்கள் வேறு மாதிரி சொன்னால் என்ன செய்வது என்று லியோட்டா கேட்டாள்.

"சொன்னா சொன்ன மாதிரியே போடுங்க. வாயத் திறக்காதவங்களுக்கு என்ன வேணும்னு நமக்குத் தெரியாதா?"

பூட்டு என்பது வெறும் மிரட்டல் இல்லை. வடக்கே ஒரு கவுண்டியில் ஐந்து வருடம் பள்ளிகளையே இழுத்து மூடியிருந்தார்கள். அங்கிருந்து வந்து சேர்ந்த ஒரு பையன் பதினாலு வயதில் லியோட்டாவின் வகுப்பில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தான். கீலேயாத் திறந்திருக்க வேண்டும். மற்றதெல்லாம் அப்புறம். அந்த வருடம் அவள் நினைத்தது அவ்வளவுதான்.

பதினோரு வீட்டார் நேரில் வந்து கவுண்டிப் பள்ளிதான் வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். மீதி நானூறு தாளும் வழக்கம்போல அடியில் கையொப்பத்தோடு வெறுமையாக வந்தன. ஒரு சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்து லியோட்டா நிரப்பினாள். எல்லாவற்றிலும் கீலேயாத் கட்டத்தில் குறி, ஒரே அளவில், ஒரே சாய்வில்.

டெல்ஃபின் டிக்ஸின் தாள் வந்தபோது பேனா நின்றது. டெல்ஃபின் அவளிடம் ஏழாம் வகுப்பு படித்தவள். இப்போது ஒன்பது முடிக்கிறாள். உப்பைத் தண்ணீரில் போட்டால் எங்கே போகிறது என்று கேட்டு ஒரு வாரம் உயிரை எடுத்த பெண். மூன்று வாரம் முன்பு சர்ச் வாசலில் அவள் அம்மா ஆர்ஸெல்லா கையைப் பிடித்துக்கொண்டு சொல்லியிருந்தாள்.

"அந்த ஸ்கூல்ல கெமிஸ்ட்ரிக்குன்னே ஒரு ரூம் இருக்காம், டீச்சர். மேஜையிலயே கேஸ் அடுப்பாம். அங்கதான் போவேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறா."

கீலேயாத்தில் வேதியியல் என்பது புத்தகத்தைச் சத்தம் போட்டு வாசிப்பதுதான். லியோட்டாவுக்கு இது தெரியும். ஆர்ஸெல்லாவின் வீடு பத்து நிமிட நடை என்பதும் தெரியும். எழுந்து போய்க் கேட்டிருக்கலாம். கேட்டால் பன்னிரண்டாகிவிடும் என்றுதான் போகவில்லை. கீலேயாத் கட்டத்தில் குறியைப் போட்டுவிட்டு அடுத்த தாளை எடுத்தாள்.

கோடையில் யார் எந்தப் பள்ளி என்று கடிதம் வந்தது. ஆர்ஸெல்லா ஒரு வார்த்தை கேட்கவில்லை. எப்போதும் போலச் சிரித்தாள், எப்போதும் போலச் சக்கரவள்ளிக் கிழங்கு கொடுத்தனுப்பினாள். டெல்ஃபின்தான் முகம் கொடுத்துப் பேசுவதை விட்டுவிட்டாள். சர்ச்சில் லியோட்டா ஒரு பக்கம் வந்தால் அவள் மறு பக்கமாக வெளியே போவாள். டீச்சர்தான் கேட்காமல் போட்டுவிட்டாள் என்று வீட்டில் பேச்சு நடந்திருக்கும் என்று லியோட்டா புரிந்துகொண்டாள். உண்மைதானே, பட்டுக்கொள்ள வேண்டியதுதான் என்று விட்டுவிட்டாள். அறுபத்தேழிலும் அறுபத்தெட்டிலும் ஆர்ஸெல்லாவின் தாள் வெறுமையாகவே வந்தது. லியோட்டாவும் கேட்காமலே போட்டாள். முதல் தடவை நின்ற பேனா அப்புறம் நிற்கவில்லை.

சாப்பாட்டுக் கூடம் சொன்னபடி எழும்பியது. அதைச் சொல்லாமல் இருக்கக் கூடாது. செங்கல் சுவர், நீளமான மேஜைகள், சாப்பாட்டைச் சூடாக வைத்திருக்கும் நீராவித் தொட்டி. திறப்பு நாளில் பீல் வந்து ரிப்பன் வெட்டினார், பிள்ளைகள் பாடினார்கள், பொரித்த கோழியும் கீரையும் கிடைத்தது. பெற்றவர்கள் சுவரைத் தடவித் தடவிப் பார்த்தார்கள். லியோட்டாவுக்கு அன்று உண்மையாகவே சந்தோஷம்.

பிறகு அறுபத்தெட்டு மே மாதம் வாஷிங்டன் பெரிய கோர்ட், இந்த விருப்பத் தாள் விளையாட்டு பலன் கொடுக்காவிட்டால் செல்லாது என்று சொல்லிவிட்டது. நம் ஆட்களில் நாலு குடும்பம் ரிச்மண்டில் ஒரு வக்கீலைப் பிடித்து வெக்ஸ்கம் கவுண்டி மேல் வழக்குப் போட்டது. அடுத்த பிப்ரவரியில் விசாரணை. வக்கீல் படிவங்களைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். மூன்று வருடத் தாள்கள், ஆயிரத்துச் சொச்சம். கையொப்பம் ஆளுக்கு ஒன்று, குறி மட்டும் ஒரே கை.

லியோட்டாவைச் சாட்சிக்கு அழைத்து ஓலை வந்தது. விசாரணைக்கு முந்தின வாரம் பீலே பள்ளிக்கு வந்தார். ஏழாம் வகுப்பு பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்தார்.

"உன்னை யாரும் பொய் சொல்லச் சொல்லல, லியோட்டா. அவங்க மனசுல என்ன இருந்துச்சுன்னு உனக்குத் தெரியும். அதச் சொல்லு, போதும்."

அவர் கார் கிளம்பியதும் ரஃபின் ஜன்னலைப் பார்த்தபடியே பேசினார். "இந்த ஸ்கூல் இப்ப உங்க வாயிலதான் இருக்கு, மிஸ் ஃபால்கன்."

சர்ச் பஸ்ஸில் ஊரே ரிச்மண்டுக்குப் போனது. கோர்ட்டில் லியோட்டா வேதப்புத்தகத்தின் மேல் கை வைத்தாள். நம்மாள் வக்கீல், சின்ன வயசு, நல்ல சூட். அவளை அவர் 'மிஸஸ் ஃபால்கன்' என்று அழைத்தார். குறிகளைப் போட்டது யார் என்று கேட்டார். நான்தான் என்றாள். யார் சொல்லிப் போட்டீர்கள் என்றார். பெற்றவர்கள் சொல்லித்தான் என்றாள். அவர் தாள் கட்டிலிருந்து கைக்கு வந்த மூன்றை உருவினார். இரண்டாவது தாளை லியோட்டா முன்னால் நீட்டினார்.

"டெல்ஃபின் டிக்ஸ். அம்மா ஆர்ஸெல்லா டிக்ஸ். கீலேயாத்தான் வேணும்னு இவங்க உங்ககிட்ட சொன்னாங்களா?"

மூன்றாவது வரிசையில் ஆர்ஸெல்லாவின் நீலத் தொப்பி தெரிந்தது. அதற்கு அந்தப் பக்கம் தூண் மறைத்தது. வேறு யாரையும் பார்க்கத் தைரியம் இல்லை.

"சொன்னாங்க" என்றாள் லியோட்டா.

ஆர்ஸெல்லா எழுந்திருக்கவில்லை. பொய் என்று கத்தவில்லை. கைப்பையை மடியில் திருப்பி வைத்துக்கொண்டாள், அவ்வளவுதான். வக்கீல் மூன்றாவது தாளுக்குப் போய்விட்டார்.

கூண்டிலிருந்து இறங்கியபோதே லியோட்டாவுக்கு உடம்பு மரத்துவிட்டது. பல் பிடுங்க ஊசி போட்டால் கன்னம் இருக்கும் இடம் தெரியாது அல்லவா, அதுபோல. வீட்டுக்கு வந்தாள், சூப் காய்ச்சினாள், குடித்தாள், சூடு தெரியவில்லை. மறுநாள் வகுப்பெடுத்தாள். பாவமன்னிப்புக் கேட்க முட்டி போட்டால் வார்த்தை வரவில்லை. பள்ளிக்காகத்தானே செய்தோம் என்று சொல்லிப் பார்த்தாள். அதுவும் அடுத்த வீட்டு வானொலி மாதிரி எங்கோ கேட்டது.

மே கடைசியில் தீர்ப்பு வந்தது. குறியை யார் போட்டார், யார் சொல்லிப் போட்டார் என்பதெல்லாம் இந்த வழக்குக்குத் தேவையில்லை என்று நீதிபதி ஒரே வரியில் முடித்துவிட்டார். மூன்று வருடம் கழித்தும் நானூறு பிள்ளைகள் இருந்த இடத்திலேயே இருக்கிறார்கள், பதினோரு பேர்தான் நகர்ந்திருக்கிறார்கள். இதைவிட வேறு சாட்சி வேண்டாம். செப்டம்பருக்குள் ஒரே பள்ளி. எந்தக் கட்டடம் என்பதைக் கல்விக் குழு முடிவு செய்யும் என்று விட்டார். பீலின் குழு எதை முடிவு செய்யும் என்று கேட்கவே வேண்டியதில்லை.

ரஃபின் தீர்ப்பை ஆசிரியர்கள் முன் வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "நாம குறைச்சுக் குறைச்சுக் காட்டினோம் பாருங்க, அதுதானாம் சாட்சி" என்றார். சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. சொன்ன சொல் தவறாமல் பீலுக்கு எண்ணிப் பதினொன்று கொடுத்தவர் அவர். அந்தப் பதினொன்றுதான் பூட்டுப் போட்டது.

பத்தொன்பது ஆசிரியர்களில் பன்னிரண்டு பேருக்கு வேலை போனது. ரஃபினுக்குக் கவுண்டி ஆபீஸ் கீழ்த்தளத்தில் ஒரு மேஜை போட்டு, பஸ் நேரம் பார்க்கச் சொன்னார்கள். லியோட்டாவுக்குக் கவுண்டிப் பள்ளியில், கொதிகலன் அறைக்குப் பக்கத்து அறையில், வாசிக்கத் திணறும் பிள்ளைகளுக்கு உதவியாள் வேலை. பீல் தன் பேரப்பிள்ளைகளுக்காக ஒரு தனிப் பள்ளி ஆரம்பித்தார். கீலேயாத் சாப்பாட்டுக் கூடத்து மேஜைகளும் நீராவித் தொட்டியும் லாரியில் ஏறி அங்கே போயின. லியோட்டா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கோபம் வர வேண்டிய இடம். வரவில்லை.

ஜூலையில் கட்டடத்தைக் காலி செய்யச் சொன்னார்கள். லியோட்டா தன் வகுப்பில் அலமாரியை ஒழித்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம் ஆர்ஸெல்லா வந்து கதவில் நின்றாள். கோர்ட்டுக்குப் பிறகு இருவரும் தனியாகப் பேசவில்லை.

டெல்ஃபின் வகுப்புப் படம் கூடத்தில் மாட்டியிருந்ததே, அதை எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டாள். கீலேயாத்தின் கடைசி வகுப்பு அது. டெல்ஃபின் பட்டம் வாங்கிய மறுநாள் காலை பஸ் ஏறி பிலடெல்ஃபியாவில் சித்தி வீட்டுக்குப் போய்விட்டதாக லியோட்டா கேள்விப்பட்டிருந்தாள். கூடத்துக்குப் போய் நாற்காலி போட்டு ஏறி, படத்தைக் கழற்றி, துணியால் துடைத்துக் கொடுத்தாள். கொடுக்கும்போது, இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் சொல்ல மாட்டோம் என்று தோன்றியது.

"ஆர்ஸெல்லா, அந்தக் காயிதம்… நான் உன்னக் கேக்காம…"

"நான் வேணும்னுதான் வெறுமையா அனுப்பினேன், டீச்சர்."

ஆர்ஸெல்லா படத்தைப் பார்த்துக்கொண்டே பேசினாள். குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

"எங்க வீட்டுக்காரர் பீல் நிலத்துல வாரத்துக்குப் பயிர் பண்றாரு. உங்களுக்குத் தெரியாததா. அந்தப் பக்கம் போட்டா பீல் என்னைக் கேப்பாரு, இந்தப் பக்கம் போட்டா எம்மக என்னைக் கேப்பா. நீங்க போட்டா ரெண்டு பேரும் என்னைக் கேக்க மாட்டாங்க. நீங்க எங்க போடுவீங்கன்னு எனக்கு நல்லாத் தெரியும். மூணு வருஷமும் தெரியும்."

"சர்ச் வாசல்ல சொன்னியே…"

"அவ பக்கத்துல நின்னா. அதனால சொன்னேன்."

டெல்ஃபினிடம் மூன்று வருடமாக டீச்சரைத்தான் காட்டி வந்ததாகவும் சொன்னாள். கேட்காமல் போட்டுவிட்டார்கள், நான் என்ன செய்ய என்று. மகளும் நம்பி, டீச்சரைத் திட்டித் திட்டி அம்மாவோடு ஒட்டிக்கொண்டிருந்தாள். அந்த மூன்று வருடம் மாதிரி மகள் தன்னோடு ஒட்டுதலாக இருந்ததே இல்லை என்றாள்.

"அன்னைக்குக் கோர்ட்டுல அவளும் வந்திருந்தா, டீச்சர். தூணுக்குப் பக்கத்துல, எனக்கு அடுத்த சீட்டு. நீங்க பைபிள்ல கை வச்சுட்டு 'சொன்னாங்க'ன்னீங்க. பஸ்ஸுல வரும்போது கேட்டா, நீ சொன்னியாம்மான்னு. இல்லன்னேன். டீச்சர் சத்தியம் பண்ணிட்டுப் பொய் சொல்ல மாட்டாங்கன்னா. அப்புறம் வீட்டுல பேசவே இல்ல. போய் ஆறு வாரம் ஆச்சு, ஒரு வரி கிடையாது."

லியோட்டாவுக்கு ஐந்து மாதத்தில் முதல் தடவையாக எங்கோ வலித்தது. நல்லதாகப் போயிற்று, இதையாவது சரி செய்யலாம் என்று அவசரமாக ஒரு தாளைத் தேடினாள்.

"முகவரி குடு. நான் அவளுக்கு எழுதறேன். நான்தான் பொய் சொன்னேன், உங்கம்மா எங்கிட்ட ஒண்ணுமே சொல்லலன்னு எழுதறேன். என்னை நம்புவா."

"நம்புவா" என்றாள் ஆர்ஸெல்லா. "அதான் பயமா இருக்கு. அம்மாதான் போக விடலன்னு இப்ப அவ நம்பிட்டு இருக்கறது உண்மைதானே, டீச்சர்."

சொன்னாலும் முகவரியைச் சொல்லிவிட்டுத்தான் போனாள். படத்தை நெஞ்சோடு அணைத்தபடி, காலியான சாப்பாட்டுக் கூடத்தைச் சுற்றிக்கொண்டு போனாள். எழுது என்றும் சொல்லவில்லை, எழுதாதே என்றும் சொல்லவில்லை. அதையும் லியோட்டா தலையில் வைத்துவிட்டுப் போனாள்.

லியோட்டா வகுப்புக்குத் திரும்பி, தன் மேஜையில் உட்கார்ந்து 'அன்புள்ள டெல்ஃபின்' என்று ஆரம்பித்தாள். நடந்ததில் அவள் அம்மாவுக்குப் பங்கில்லை என்று எழுதினால் இன்னொரு பொய். உண்டு என்று எழுதினால் ஆர்ஸெல்லாவுக்கு மகள் இல்லை. வெயில் இறங்கும் வரை உட்கார்ந்திருந்தாள். வந்த வலியும் போய்விட்டது. தாளில் அந்த இரண்டு வார்த்தைக்கு மேல் ஒன்றும் ஏறவில்லை.

கவுண்டிப் பள்ளியில் பதினோரு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றாள். டெல்ஃபின் பிலடெல்ஃபியாவிலேயே தங்கிவிட்டாள். ஆர்ஸெல்லா செத்தபோது வந்து, அடக்கம் முடிந்த அன்றே திரும்பிப் போனாள். லியோட்டா சர்ச் படியில் அவள் கையைப் பிடித்து, உங்கம்மா உன்னைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பாள் என்று மட்டும் சொன்னாள். டெல்ஃபின் நன்றி சொல்லிக் கையை எடுத்துக்கொண்டாள்.